தலையில் அடிபட்டால் அன்றைக்கு ஆட்டம் இல்லை



வழக்கமாக இந்தப் பக்கத்தில் சேமிப்பு, கடன், ரத்தசோகை என்று எழுதுவேன். இந்த மாதம் கபடியைப் பற்றி எழுதப் போகிறேன். "கபடிக்கும் குழுவுக்கும் என்ன மேடம் சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

நம் காலத்தில் கபடி ஆம்பளைப் பிள்ளைகள் ஆட்டம். நாம் வேலி ஓரமாக நின்று பார்த்தோம். இன்று நம் பெண்பிள்ளைகள் ஆடுகிறார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைன் நாட்டில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் ஆடிய கார்த்திகா சென்னை கண்ணகி நகர்ப் பெண். அதைப் பார்த்த பிறகு நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஆசை வந்திருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் என்ன செய்வது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே தெரியாமல் இருந்தது. அதனால் நான் செய்த தவறையும் சேர்த்தே சொல்கிறேன்.

என் கண் முன்னால் நடந்தது

குறுவட்ட அளவிலான போட்டி. நம் உறுப்பினர் ஒருவரின் மகள், பதினொன்றாம் வகுப்பு. அவளுடைய அம்மாவும் நானும் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருந்தோம். பாடி வந்த பெண்ணின் தொடையைப் பிடிக்க இவள் குனிந்து பாய்ந்தாள். அந்தப் பெண்ணின் முழங்கால் இவள் நெற்றிப் பொட்டில் பட்டது. கீழே விழுந்தாள். மயக்கம் ஒன்றும் இல்லை. உட்கார்ந்து தலையை உதறிக் கொண்டாள். நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்து, "ஒண்ணுமில்லடா, எழுந்திரு, ஆடு" என்றேன். அவளும் "ஒண்ணுமில்ல மேடம், ஆடறேன்" என்றாள்.

எழுந்தவள் எதிரணிப் பக்கம் போய் நின்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு "எத்தனை பாயிண்ட்டு?" என்று மூன்று தடவை கேட்டாள். அப்போதும் எனக்குப் புரியவில்லை. இரண்டாம் பாதி முழுவதும் ஆடினாள்.

அன்று இரவு இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். வெயில் சூடு என்று மோர் கொடுத்தார்கள். கண்ணேறு என்று பாட்டி உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். மறுநாள் தலைவலி. புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஆடுகிறது என்றாள். "படிக்கிறதுக்குச் சாக்கு" என்று அம்மா திட்டினார். நான்காம் நாள் அரசு மருத்துவமனைக்குப் போனோம். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. "ஒண்ணும் இல்லேன்னா ஏன் டாக்டர் தலை வலிக்குது?" என்று அம்மா கேட்டார். அந்த டாக்டர் நிதானமாக விளக்கிச் சொன்னார். அதைத்தான், பிறகு நான் படித்துத் தெரிந்து கொண்டதோடு சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

மூளை அதிர்ச்சி என்றால் என்ன?

தூக்குச் சட்டியில் கெட்டித் தயிர் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறோம். டிரைவர் திடீரென்று பிரேக் போடுகிறார். தூக்கு ஒடுங்கவில்லை, மூடியும் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளே தயிர் கலங்கிப் போயிருக்கிறது.

மூளையும் அப்படித்தான். மண்டை ஓட்டுக்குள் ஒரு நீரில் மிதந்தபடி இருக்கிறது. தலையில் அடிபட்டாலோ, உடம்பில் பலமாக மோதித் தலை வெடுக்கென்று ஆடினாலோ, உள்ளே மூளை குலுங்குகிறது. வெளியே காயம் இருக்காது, ரத்தம் வராது. ஆனால் மூளை வேலை செய்யும் விதம் சில நாட்களுக்குக் கலங்கிவிடுகிறது. இதுதான் மூளை அதிர்ச்சி. டாக்டர்கள் "கன்கஷன்" என்பார்கள்.

ஸ்கேன் எதற்கு? எலும்பு உடைந்திருக்கிறதா, மூளையில் ரத்தம் கசிகிறதா என்று பார்ப்பதற்கு. அது ரொம்ப முக்கியம். ஆனால் தயிர் கலங்கியதுபோன்ற இந்தக் கலக்கம் சாதாரண ஸ்கேனில் தெரியாது. ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்றால் பெரிய ஆபத்து இல்லை என்று நிம்மதி அடையலாம். பிள்ளை நடிக்கிறாள் என்று அர்த்தம் இல்லை.

இன்னொரு தவறான நம்பிக்கை, "மயக்கம் போட்டு விழுந்தால்தான் மூளையில் அடி" என்பது. மூளை அதிர்ச்சி ஏற்படுபவர்களில் பெரும்பாலோர் மயக்கமே போடுவதில்லை. அதனால்தான் நாமும் ஏமாந்து போகிறோம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

பிள்ளை சொல்வது: தலை வலிக்கிறது, தலை சுற்றுகிறது, குமட்டுகிறது, கண் மங்குகிறது, வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியவில்லை, எல்லாம் மூட்டமாக இருக்கிறது.

நாம் பார்ப்பது: எழுந்திருக்க நேரமாகிறது, தள்ளாடுகிறாள், வெறித்துப் பார்க்கிறாள், கேட்ட கேள்விக்குத் தாமதமாகப் பதில் சொல்கிறாள், கேட்டதையே திரும்பக் கேட்கிறாள், எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நிற்கிறாள்.

சந்தேகம் வந்தால் ஐந்து கேள்விகள் கேளுங்கள்:

1. இப்ப எந்த ஊர்ல ஆடுறோம்?
2. இது முதல் பாதியா, ரெண்டாம் பாதியா?
3. கடைசியா பாயிண்ட் எடுத்தது யாரு?
4. இதுக்கு முந்தின ஆட்டம் யாரோட ஆடினோம்?
5. அதுல ஜெயிச்சமா, தோத்தமா?

ஒரு பதில் தவறானாலும் பிள்ளையை வெளியே உட்கார வையுங்கள். எல்லாம் சரியாகச் சொல்லியும் தலைவலியோ தள்ளாட்டமோ இருந்தால் அப்போதும் ஆட்டம் கிடையாது. சில அறிகுறிகள் சில மணி நேரம் கழித்து, ஏன், ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூட வரலாம். எரிச்சல், அழுகை, தூக்கம் வராமை அல்லது எப்போதும் தூக்கம், படித்தது மனதில் நிற்காமை, இவையும் அறிகுறிகள்தான். "வயசுக் கோளாறு, திமிர்" என்று நினைத்துவிடாதீர்கள்.

உடனே 108 கூப்பிட வேண்டியது எப்போது?

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

- நினைவு தப்பினால், எழுப்பினாலும் எழாவிட்டால்
- திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால்
- தலைவலி நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போனால்
- வலிப்பு வந்தால்
- பேச்சு குழறினால், கை கால் மரத்தால் அல்லது பலம் குறைந்தால்
- கண் பாவை ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருந்தால், பார்ப்பது இரண்டாகத் தெரிந்தால்
- காதிலோ மூக்கிலோ ரத்தமோ தண்ணீர் மாதிரியோ வடிந்தால்
- கழுத்தில் கடுமையான வலி இருந்தால்
- ஆளை அடையாளம் தெரியாமல் பேசினால், குழப்பம் கூடினால்

இவை மூளைக்குள் ரத்தக் கசிவு அல்லது கழுத்தெலும்பு அடியாக இருக்கலாம். ஸ்கேன் வசதி உள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இவற்றில் எதுவும் இல்லை, ஆனால் முதலில் சொன்ன அறிகுறிகள் இருக்கின்றன என்றால், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

மைதானத்தில் செய்யக் கூடாதவை

விழுந்த பிள்ளையைத் தூக்கி நிறுத்தாதீர்கள். கழுத்தைச் சொடுக்கு எடுப்பது, தலையைப் பிடித்து உருவி விடுவது வேண்டவே வேண்டாம். கழுத்தெலும்பில் அடி இருந்தால் அந்த ஒரு திருப்பலில் கை கால் விழுந்துவிடலாம். நினைவு இல்லாத பிள்ளையின் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து கொடுப்பதால் பயன் இல்லை, வாயிலும் எதையும் திணிக்கக் கூடாது. வாந்தி வந்தால் மட்டும், இரண்டு மூன்று பேர் சேர்ந்து தலை, கழுத்து, உடம்பு மூன்றையும் ஒன்றாகப் பிடித்து ஒருபக்கமாகத் திருப்புங்கள்.

கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு ஆட அனுப்புவது பெரிய தவறு. வலி மறையும், அடி மறையாது. ஆஸ்பிரின், புரூபென், டைக்ளோபினாக் போன்ற மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. உள்ளே ரத்தம் கசிந்தால் அது கூடிவிடும்.

இரண்டாவது அடிதான் ஆபத்து

முதல் அடிக்குப் பிறகு ஓய்வு கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகள் முழுவதும் குணமாகிவிடுகிறார்கள். ஆனால் கலங்கிய மூளை தெளிவதற்குள் இன்னொரு அடி பட்டால், அது சின்ன அடியாக இருந்தாலும், அறிகுறிகள் பல மாதம் நீடிக்கலாம். அபூர்வமாகச் சிலருக்கு மூளை சட்டென்று வீங்கி உயிரே போய்விடும். இளவயதுப் பிள்ளைகளுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம்.

கனடா நாட்டில் ஒட்டாவா நகரத்தில் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்று ஒரு பெண். 17 வயது. பள்ளி ரக்பி அணியின் கேப்டன். ரக்பியும் நம் கபடி மாதிரி மோதி ஆடும் ஆட்டம்தான். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள், எதிரணியினர் பிடித்துக் கீழே தள்ளுவார்கள். 2013 மே மாதம் ஒரே வாரத்தில் மூன்று ஆட்டம் ஆடினாள். முதல் இரண்டிலும் தலையில் அடி. தனக்கு மூளை அதிர்ச்சியாக இருக்குமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்து செல்போனில் தேடிப் பார்த்திருக்கிறாள், தோழிக்கும் சொல்லியிருக்கிறாள். வீட்டில் சொல்லவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் விழுந்தவள் மறுபடி கண் விழிக்கவில்லை. நான்காம் நாள் இறந்துபோனாள்.

அவளுடைய அப்பா அம்மா சும்மா இருக்கவில்லை. ஐந்து வருடம் அலைந்து, 2018-இல் அந்த மாநிலத்தில் அவள் பெயரிலேயே ஒரு சட்டம் வரக் காரணமாக இருந்தார்கள். ஆட்டக்காரர்கள், பெற்றோர், பயிற்சியாளர் எல்லோரும் ஆண்டுதோறும் மூளை அதிர்ச்சி பற்றிப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும், சந்தேகம் வந்தால் பிள்ளையை உடனே ஆட்டத்திலிருந்து வெளியே எடுக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம்.

இந்தக் கதையைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. "எழுந்திரு, ஆடு" என்று நான் சொன்னது நினைவுக்கு வந்தது. நம் பெண்ணுக்கு இரண்டாம் பாதியில் இன்னொரு அடி படாமல் போனது நம் அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

வெளியே உட்காருவதில் அவமானம் ஒன்றும் இல்லை. கிரிக்கெட்டில் 2019 முதல் தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக வேறொருவரை இறக்கலாம் என்று விதியே இருக்கிறது. 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பந்து பட்ட பிறகு, பந்து வீசும் நேரத்தில் அவருக்குப் பதிலாகச் சாகலை இறக்கினார்கள். அவர் மூன்று விக்கெட் எடுத்தார், இந்தியா ஜெயித்தது. கபடியில் கோட்டுக்குள் ஏழு பேர், வெளியே மாற்று ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிறகு எதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள்?

வீட்டில் எப்படித் தேற்றுவது?

முதல் இரவு: பிள்ளையைத் தனியாக விடக் கூடாது. பக்கத்தில் ஒருவர் படுத்துக்கொள்ளுங்கள். "தூங்க விடாதே" என்று பெரியவர்கள் சொல்வார்கள். டாக்டர் பார்த்து அனுப்பிய பிறகு தூங்கலாம், தூக்கம் நல்லது. எழுப்பினால் எழாவிட்டால் மட்டும் உடனே ஆஸ்பத்திரி.

முதல் இரண்டு நாள்: ஓய்வு. ஓய்வு என்றால் இருட்டறையில் அடைத்து வைப்பது இல்லை. முன்பு அப்படிச் சொன்னார்கள். இதைப் பற்றி ஆராயும் பல நாட்டு நிபுணர்கள் 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிப் பேசி, முழுக்கப் படுத்தே கிடப்பது தேவையில்லை, வீட்டுக்குள் நடமாடுவதும் மெல்ல நடப்பதும் குணமாக உதவும் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த இரண்டு நாளும் செல்போன், டிவி குறையுங்கள். சைக்கிள், வண்டி ஓட்ட வேண்டாம். தண்ணீர்க் குடம் தூக்கச் சொல்லாதீர்கள்.

அதற்குப் பிறகு: கொஞ்ச நேரம் படிப்பு, கொஞ்ச நேரம் ஓய்வு. தலைவலி கூடினால் நிறுத்திவிட்டு, குறைந்த பிறகு மறுபடி. முதலில் அரை நாள் பள்ளிக்கூடம், பிறகு முழு நாள். வகுப்பு ஆசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். பார்த்தால் நன்றாக இருக்கும் பிள்ளையை அவர்களும் சோம்பேறி என்று நினைக்கக் கூடும்.

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் சரியாகும். பிள்ளைகளுக்கு நான்கு வாரம்வரை ஆகலாம். ஒரே மாதிரியான ஆட்டங்களில் ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கு இந்த அடி அதிகம் ஏற்படுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் அவசரப்படுத்தாதீர்கள். நான்கு வாரம் தாண்டியும் தலைவலி, மறதி இருந்தால் மறுபடி டாக்டரைப் பாருங்கள்.

மறுபடி எப்போது கோட்டுக்குள்?

படி ஏறுவது போல ஒவ்வொன்றாக ஏற வேண்டும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் குறைந்தது ஒரு முழு நாள். அறிகுறி கூடினால் ஒரு படி இறங்கி நிற்க வேண்டும்.

1. வீட்டு நடமாட்டம், சின்ன வேலைகள்
2. வேக நடை, பிறகு மெல்லோட்டம்
3. தனியாக ஓட்டம், காலசைவுப் பயிற்சி. யாரும் தொடக் கூடாது
4. அணியோடு பயிற்சி, ஆனால் பிடி, மோதல் கிடையாது. எல்லா அறிகுறியும் போன பிறகே இந்தப் படி
5. டாக்டர் சரி என்ற பிறகு முழுப் பயிற்சி
6. போட்டி

எத்தனை நாள் என்று ஒரு கணக்கு வேண்டும் என்றால், டாக்டர் பக்கத்தில் இல்லாத ஊர் அணிகளுக்காகவும் சேர்த்து இங்கிலாந்தில் 2023-இல் ஒரு வழிகாட்டி போட்டார்கள். 14 நாள் எந்த அறிகுறியும் இல்லாமல் இருந்த பிறகே மோதல் உள்ள பயிற்சி, எப்படியும் 21 நாளுக்கு முன்னால் போட்டி கிடையாது. நமக்கும் அது பொருந்தும். தினக் காலண்டரில் அடிபட்ட தேதியைக் குறித்து வையுங்கள்.

ஆட்டத்தையே நிறுத்தி விடாதீர்கள்

டாக்டர் பேசி முடித்ததும் அந்த அம்மா சொன்னது, "இனிமே கபடியே வேணாம் மேடம். நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போற பொண்ணு." அவருடைய பயம் எனக்குப் புரிந்தது. ஆனால் அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையும் புரிந்தது. அவளிடம் தனியாகப் பேசியபோது ஒன்று சொன்னாள்: "தலை வலிக்குதுன்னு அன்னிக்கே சொல்லியிருப்பேன் மேடம். சொன்னா அம்மா ஆட்டத்தை நிறுத்திடும்னுதான் சொல்லல."

சகோதரிகளே, இதை யோசித்துப் பாருங்கள். அடிபட்டதைச் சொன்னால் ஆட்டமே போய்விடும் என்று பிள்ளை பயந்தால், அடுத்த அடியையும் மறைப்பாள். மறைத்தால்தான் ஆபத்து. அதனால் நாம் சொல்ல வேண்டியது, "அடிபட்டா சொல்லு. கொஞ்ச நாள் உட்காரு. தேறினதும் மறுபடி ஆடு" என்பது. அந்த அம்மாவிடம் இதைப் பேசிப் புரிய வைக்க இரண்டு கூட்டம் ஆயிற்று. ஐந்தாவது வாரம் அந்தப் பெண் மறுபடி பயிற்சிக்குப் போனாள். இப்போதும் ஆடுகிறாள். தலையைக் கீழே கவிழ்த்துக்கொண்டு பாயாமல், நிமிர்ந்து பார்த்துப் பிடிக்கப் பழகியிருக்கிறாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிணற்றடியில் வழுக்கி விழுந்தாலும், வண்டியில் இருந்து விழுந்தாலும், வீட்டில் புருஷன் அடித்துச் சுவரில் தலை மோதினாலும் மூளைக்கு ஒன்றுதான். மேலே சொன்ன அறிகுறிகள் நமக்கும் பொருந்தும். "லேசாத் தலை சுத்துது" என்று அடுப்படி வேலையைத் தொடராதீர்கள். டாக்டரிடம் எப்படி அடிபட்டது என்று உண்மையைச் சொல்லுங்கள். வீட்டில் அடி உதை என்றால் 181 என்ற மகளிர் உதவி எண்ணை எந்த நேரமும் கூப்பிடலாம்.

இந்த மாதக் குழுக் கூட்டத்தில் பேச

- நம் குழுவில் யார் யார் பிள்ளைகள் கபடி, கோகோ, கால்பந்து ஆடுகிறார்கள்? பெயர் எழுதுங்கள்.
- அடிபட்டதைப் பிள்ளை நம்மிடம் பயமில்லாமல் சொல்வாளா? ஒவ்வொருவரும் வீட்டில் கேட்டு வந்து சொல்லுங்கள்.
- பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கு முன் விழாக் குழுவிடம், "தலையில் அடிபட்டவர் அன்று மறுபடி இறங்கக் கூடாது" என்று விதி வைக்கச் சொல்லிக் கேட்கலாமா? ஊக்குநரும் பிரதிநிதிகளும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.
- போட்டி நடக்கும் இடத்துக்கு 108 வண்டி வர எவ்வளவு நேரம் ஆகும்? பக்கத்தில் ஸ்கேன் உள்ள அரசு மருத்துவமனை எது?

படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு இதைக் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். எல்லாம் நினைவில் நிற்காவிட்டாலும் தலைப்பு ஒன்று நின்றால் போதும். கோப்பை அடுத்த வருடமும் வரும். தலையில் அடிபட்டால் அன்றைக்கு ஆட்டம் இல்லை.